விழுந்த பிறகு என்னுடையது

மாடு அக்காவுடையது, புல் என்னுடையது. அப்பா போன பிறகு பண்ணையை நாங்கள் பிரித்துக்கொண்ட விதம் அதுதான். நிலத்தை அளக்கவில்லை, நடுவில் கயிறு கட்டவில்லை. பால் கறப்பது, பிரசவம் பார்ப்பது, தீவனம், மாட்டு டாக்டர் எல்லாம் அவள் பாடு. வேலி, வாய்க்கால், விதை, எந்த மாடு எந்தப் பக்கம் எப்போது மேயலாம் என்பதெல்லாம் என் பாடு. ஒருத்தி வேலையில் இன்னொருத்தி மூக்கை நுழைப்பதில்லை. ஒரே கூரையின் கீழே இத்தனை வருஷம் குடுமிப்பிடிச் சண்டை இல்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாணி மட்டும் எல்லைத் தகராறாகவே இருந்தது. "விழுற வரைக்கும் உன்னோடது, விழுந்த பிறகு என்னோடது" என்று ஒருநாள் நான்தான் தீர்ப்பு சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடியே, உலகத்துலயே சாணிக்குப் பங்கு கேட்டவ நீ ஒருத்திதான்டி. முழுசா எடுத்துக்கோ. வேணும்னா பத்திரம் எழுதித் தர்றேன்."

அவள் சிரிக்கட்டும். எனக்கு வேண்டியவை அதற்குள் வேலை செய்யும் வண்டுகள். மாடு வாலைத் தூக்கிச் சாணி போட்டு, அதன் ஆவி அடங்குவதற்குள் எங்கிருந்தோ வந்து தொப்பென்று விழுவார்கள். எங்கள் மண்ணில் உருண்டை உருட்டிக்கொண்டு ஓடுகிற ஜாதி குறைவு. இவர்கள் சாணிக்கு அடியிலேயே குழி பறித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, உருட்டி வைத்து, அதில் முட்டையிடுகிற ஆட்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் சரசரவென்று சத்தம் கேட்கும். சில நாளில் மேலே வெறும் சக்கைதான் மிஞ்சும், காலால் தட்டினால் தூளாகும். சாணி மண்ணுக்குள் போய்விடும், மழைத் தண்ணீர் அந்தக் குழி வழியாக இறங்கும், அந்த இடத்தில் புல் கறுகறுவென்று வரும். சம்பளம் கேட்காத, லீவு போடாத ஆட்கள் இவர்கள். இவர்கள் இல்லையென்றால் சாணி ஓடு மாதிரி காய்ந்து அப்படியே கிடக்கும். அடியில் புல் வெளுத்துச் சாகும். சுற்றியிருக்கும் புல்லை மாடு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈ மொய்க்கும், புழு முட்டை பொரித்துப் புல் மேல் ஏறும்.

அதனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் அக்காவின் வேலைக்குள் மூக்கை நுழைத்தேன். குடற்புழு மருந்து. மாட்டுக்கு ஊற்றுகிற மருந்து சாணியோடு வெளியே வந்து வண்டுகளையும் அவற்றின் குஞ்சுகளையும் கொன்றுவிடும். ஆகவே எல்லா மாட்டுக்கும் மொத்தமாக ஊற்றக் கூடாது. எதற்கு முடியவில்லையோ அதற்கு மட்டும் கொடுத்து, மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை கொட்டகையில் கட்டி வைத்து, அந்தச் சாணியைத் தனிக் குழியில் போட வேண்டும். இதுதான் பேச்சு.

"சரிடி, உன் வண்டு மேல சத்தியம்" என்றாள் அக்கா, என் தலையில் கையை வைத்து. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்குக்கூட அவள் முழித்த முழியிலேயே நான் அடி வாங்கியிருக்கிறேன்.

எங்களுக்கு இரண்டு மேய்ச்சல் வெளிகள். கொட்டகையை ஒட்டிய கீழ்வெளியில் கறவை மாடுகள் மேயும். சரிவில் ஏறினால் மேல்வெளி, அங்கே இன்னும் கன்று போடாத கிடேரிகளும் பால் வற்றிய மாடுகளும். மேல்வெளியின் வேலிக்கு அந்தப் பக்கம் மீசைக்காரரின் நிலமும் அவர் மாடுகளும். அவருக்கு மீசை பெரிது, பேச்சு சிறிது.

இந்த வருஷம் வெயில் ஏற ஏற மேல்வெளியில் சாணி கிடக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் பார்த்தேன். பிறகு எங்கே கால் வைத்தாலும் காய்ந்த சாணி, மேலே ஓடு பிடித்து, உள்ளே புளித்து. களைக்கொத்தியால் பெயர்த்துப் பார்த்தேன். வண்டுகள் இருந்தன, ஆனால் குடித்தவன் மாதிரி கால் நிற்காமல் தள்ளாடின. சில மல்லாந்து கிடந்தன. அடியில் தோண்டினால் உருண்டைக்குள் குஞ்சு சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது. 

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெயில் அதிகம்டி" என்றாள்.

"கீழ்வெளியில அதே வெயில்தானே அடிக்குது? அங்க எல்லாம் ஜோரா இருக்கே."

"கீழ ஈரம் இருக்கும்."

அதுவும் சரிதான் என்று பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள், "மழைக்குள்ள சரியாகலன்னா?"

"மேல்வெளியில ஒரு வாய்ப் புல்லு வராது. பாதி மாட்டை வச்சுக்க முடியாது. கிடேரிகளை வித்துட வேண்டியதுதான்."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. ஒவ்வொரு கிடேரியும் பிறக்கும்போது அவள் கை பிடித்து இழுத்து வெளியே வந்தது. வேதனைப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலியோரம் நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. காற்று மீசைக்காரர் பக்கமிருந்துதான் வீசுகிறது. அவர் பூச்சிமருந்து அடிக்கிறார், அது பறந்து வந்து என் வெளியில் விழுகிறது. வேறென்ன இருக்க முடியும்? எனக்குக் கோபம் வந்தால் கால் நிற்காது. நேராக வேலிக்குப் போய்க் கத்தினேன்.

"என்ன மருந்து அடிக்கிறீங்க அண்ணே? என் வண்டெல்லாம் செத்துக்கிடக்கு!"

அவர் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நான் எந்த மருந்தும் அடிக்கலம்மா. நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசு."

"தெரியாமலா பேசுறேன்? உங்க பக்கமிருந்து காத்து அடிச்சாதான் எங்க பக்கம் சாவு!"

அக்கா என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீயே சொல்லுக்கா" என்றேன். அவள் தரையைப் பார்த்தபடி, "பக்கத்துல யாராவது ஏதாவது அடிச்சாதானே இப்படி ஆகும்" என்றாள். மீசைக்காரர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்க வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன். நீயும் இந்த வேலிகிட்ட வராதே" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மாடு வேலி தாண்டினால் ஓட்டிக்கொண்டு வந்து விடுவது அவர்தான். வேலிக்கம்பி அறுந்தால் முதலில் கூப்பிடுவதும் அவர்தான். அதெல்லாம் அன்றோடு நின்றது.

பிறகு வாளி விஷயம். 

கீழ்வெளியில் வண்டு நிறைய இருக்கிறதே, அதில் கொஞ்சம் எடுத்து மேலே விட்டால் என்ன என்று யோசித்தேன். காலையில் பால் கறந்து முடித்து கறவைகளை விட்டதும், புதுச் சாணியோரம் உட்கார்ந்து கையாலேயே தோண்டினேன். ஈர மண்ணும் கொஞ்சம் சாணியும் போட்ட வாளியில் வண்டுகளைச் சேர்த்தேன். கொம்பு வைத்த ஆண்களும் கொம்பில்லாத பெண்களும், கறுப்பு மணிகள் மாதிரி பளபளத்துக்கொண்டு. வாளி கனத்தது. அக்கா வந்து மறுபக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் கூப்பிடவே இல்லை. இருவரும் சின்னப் பிள்ளைகள் தண்ணீர் தூக்குவதுபோல வாளியை நடுவில் ஆட்டிக்கொண்டு சரிவில் ஏறினோம்.

"உன் கூலிக்காரங்களுக்கு ஊர்வலமாடி?" என்றாள்.

"பின்ன? மேளம்தான் இல்ல."

வாளியை மர நிழலில் வைத்திருந்து, சாயங்காலம் சூடு தணிந்ததும் மேல்வெளியில் கிடேரிகள் போட்ட புதுச் சாணியோரம் வண்டுகளைக் கொட்டினோம். ஒவ்வொன்றும் தலையை நுழைத்து, காலை உதைத்து, உள்ளே போய்விட்டன. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அக்கா பின்னாலிருந்து கேட்டாள், "எறங்கிடுச்சாடி?"

"எறங்கிடுச்சுக்கா, எல்லாம் எறங்கிடுச்சு!"

நான் குதித்தேன். அவள் என் முதுகைத் தட்டினாள். அந்தக் கை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அவை செத்தன. நான் மறுபடி தோண்டினேன், மறுபடி தூக்கினோம். ஒவ்வொரு முறையும் அவள் வாளியைப் பிடித்தாள், ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டாள். எடுத்து எடுத்துக் கீழ்வெளியும் காலியாகிக்கொண்டு வந்தது. அங்கேயும் சாணி முன்னைவிட மெதுவாகத்தான் இறங்கியது. ஆனாலும் நான் விடவில்லை. விட்டால் கிடேரிகள் போய்விடும், அக்கா உடைந்துபோவாள் என்ற கவலை எனக்கு. ஆமாம், அவளுக்காகத்தான் தோண்டினேன்.

எங்கள் கறவைகளில் ஒருத்திக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். படலைச் சரியாகச் சாத்தவில்லையென்றால் முகத்தால் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒருநாள் அப்படித்தான் மேல்வெளிக்குப் போய், கிடேரிகளின் நடுவே மகாராணி மாதிரி நின்று மேய்ந்து, ஒரு பெரிய சாணியைப் போட்டுவிட்டு வந்தாள். நான்தான் ஓட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டொரு நாள் கழித்து மேலே போனபோது காலில் ஏதோ மெத்தென்று பட்டது. சுற்றிலும் ஓடு மாதிரி சாணி. நடுவில் ஒன்று மட்டும் பொரபொரத்துச் சிதறி, ஓரமெல்லாம் புதுமண் குவிந்து கிடந்தது. மண்டியிட்டுப் பெயர்த்தேன். அடியில் வண்டுகள் ஓடின. நல்ல கால், நல்ல ஓட்டம். குழிக்குள் கையை விட்டால் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது. அது பிடிவாதக்காரியின் சாணி.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே மண், அதே வெயில், மீசைக்காரரின் அதே காற்று. அப்படியானால் கோளாறு மண்ணில் இல்லை, காற்றில் இல்லை. மாட்டில் இருக்கிறது. மேல்வெளி மாட்டுக்கும் கீழ்வெளி மாட்டுக்கும் என்ன வித்தியாசம்? இது பால் கொடுக்கிறது, அது கொடுக்கவில்லை. பால் கறக்கிற மாட்டுக்கு எதைக் கொடுக்கக் கூடாது? பால் வண்டிக்காரர் எதைக் கண்டால் பாலைத் திருப்பி அனுப்புவார்?

அதற்குமேல் யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து பக்கத்தில் நின்ற கிடேரியிடம் போனேன். மாட்டைத் தொடுவது என் வேலை இல்லை, ஆகையால் தொட்டே பல மாதம் ஆகியிருக்கும். தோளிலிருந்து வால் வரை முதுகெலும்பின் மேல் கையை ஓட்டினேன். மயிர் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, நேர்க்கோடு போட்டதுபோலத் தூசி படிந்திருந்தது. அடுத்ததைத் தடவினேன். அடுத்ததையும். எல்லாவற்றின் முதுகிலும் அந்தக் கோடு. குடற்புழுவுக்கு முதுகில் ஊற்றித் தோல் வழியே இறங்கவிடுகிற மருந்து அப்படித்தான் நிற்கும்.

அக்கா பால் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன?"

"எதுடி?"

"உன் கிடேரி முதுகுல இருந்து வந்த பிசுக்கு."

அவள் குழாயை மூடினாள்.  பொய் சொல்ல வராதவள்தானே, அந்த முழியே போதுமானதாக இருந்தது.

"எப்ப இருந்து?"

"வெயில் தொடங்கினப்ப இருந்து." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "போன மழையில நெத்திவெள்ளைக் கன்னு செத்துச்சே, யார் மடியில செத்துச்சு? என் மடியில. புழுவுல வயிறு ஊதி, கண்ணு வெளுத்து. நீ அப்ப வேலிக்குக் கம்பி கட்டிட்டு இருந்த."

"அதுக்குத்தானே பேச்சு வச்சுக்கிட்டோம்? முடியாததுக்குக் குடு, கட்டி வை, சாணியைக் குழியில போடு."

"முடியலன்னு தெரியறப்போ அது படுத்துடுதுடி! அத்தனையையும் கட்டி வச்சுத் தீனி போட்டுச் சாணி அள்ள எனக்கு எத்தனை கை இருக்கு? முதுகுல ஊத்தினா முடிஞ்சுது. எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சுங்க, பார்த்தியா?"

"வண்டு செத்தா புழு பெருகும். புழு பெருகினா நீ இன்னும் ஊத்துவ. இது எங்க போய் நிக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா விட்டிருப்பியா? வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருப்ப."

"குதிச்சிருப்பேன். குதிச்சுட்டு உன்கூடச் சாணி அள்ளியிருப்பேன்!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கொட்டகையில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"மருந்து ஊத்தினதைக்கூட விடு. கன்னு செத்த பயம்னு மனசைத் தேத்திக்குவேன். ஆனா வாளியைப் பிடிச்சியே அக்கா. உசிரோட இருந்ததையெல்லாம் நான் என் கையால தோண்டி எடுத்து அந்த விஷத்துல கொண்டுபோய்க் கொட்டினேன், நீ கூட வந்து வாளியைப் பிடிச்ச. பாரம் தாங்காம நான் நின்னப்போ கையை மாத்திக்கிட்டுப் பிடிச்ச. ஊர்வலம்னு கிண்டல் பண்ணின. ஒரு தடவையாவது வாயைத் திறந்து 'வேணாம்டி'ன்னு சொல்லத் தோணலையா உனக்கு?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த." அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிடுச்சு. சிலதாவது பிழைச்சுக்கும்னு நினைச்சேன். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன், எறங்கிடுச்சான்னு."

பாசத்தில் கேட்கிறாள் என்றல்லவா நான் துள்ளினேன்! தன் நெஞ்சு குறுகுறுப்புக்கு மருந்து தேடியிருக்கிறாள், அதை என் வாயாலேயே வாங்கியிருக்கிறாள்.

"மீசைக்காரர்கிட்ட என்னை நாய் மாதிரி குரைக்க விட்டுட்டு நின்னியே, அது?"

அவள் குனிந்து மறுபடி கேனைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அன்றே கிடேரிகளையும் வற்றிய மாடுகளையும் கீழே இறக்கிக் கொட்டகையில் கட்டினோம். சாணியைக் குழிக்கு அள்ளினோம், இருவரும் ஒரே குழிக்கு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். கறவைகளை மேல்வெளிக்கு ஓட்டினேன். இனி அங்கே நல்ல சாணி விழும், ஆனால் அதை இறக்கத்தான் ஆள் இல்லை. கீழ்வெளியில் மிச்சமிருந்த சொற்ப வண்டுகளைத் தொட எனக்கு மனம் வரவில்லை. மழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே இடம் மீசைக்காரரின் நிலம்தான்.

வேலியோரம் போய் நின்றேன். அவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு மெதுவாக வந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு என் மேல என்ன கேஸ்?"

"தப்பு என் மேல அண்ணே. மருந்து எங்க மாட்டுல இருந்துதான் வந்துச்சு. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். யார் ஊற்றியது என்று கேட்கவில்லை. அன்றைக்கே அவள் முகத்தைப் பார்த்து ஊகித்திருப்பார் போல.

"உங்க நிலத்துல கொஞ்சம் வண்டு எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. என் மாட்டுக்குப் பின்னாடி உட்கார இவ்வளவு மரியாதையா யாரும் அனுமதி கேட்டதில்ல." பிறகு என் கையைப் பார்த்தார். "அக்கா வரலையா? எப்பவும் ரெண்டு பேருமா வாளி தூக்கிட்டுப் போவீங்களே."

"வேலையா இருக்கா" என்றேன்.

வாளி நிறைந்ததும் தனியாகத் தூக்கிக்கொண்டு சரிவில் நடந்தேன். நாலடிக்கு ஒரு தரம் கை மாற்ற வேண்டியிருந்தது. கொட்டகைப் பக்கமிருந்து அக்கா ஓடி வந்தாள், பழக்கத்தில் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள். நான் வாளியை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன். அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். படலைத் தாண்டி உள்ளே வர வேண்டாம் என்றேன். அவள் படலுக்கு வெளியே நின்றாள்.

பிடிவாதக்காரி போட்ட சாணி ஆவி பறந்துகொண்டிருந்தது. வாளியை அதனருகே சாய்த்தேன். வண்டுகள் உதிர்ந்து, ஒரு நொடி தடுமாறி, மீசையை விரித்து மோந்து பார்த்தன. முதல் ஒன்று தலையை நுழைத்தது. பிறகு எல்லாம் முண்டியடித்துக்கொண்டு போயின. அடுத்த சாணிக்குப் போனேன், அதற்கடுத்ததற்கும். திரும்பி வந்து பார்த்தபோது முதல் சாணியின் ஓரத்தில் புதுமண் கிளம்பிக்கொண்டிருந்தது. காதை வைத்தேன். சரசரவென்று அந்தச் சத்தம். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! கண்ணில் தண்ணீர் முட்டியது. மேல்வெளி பிழைத்துவிடும். கிடேரிகளை விற்க வேண்டியதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு காலி வாளியோடு படலுக்கு வந்தேன். அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்கப் பயந்து, கேட்காமலும் இருக்க முடியாமல், கடைசியில் கேட்டாள்.

"எறங்கிடுச்சாடி?"

நான் அவளை நேராகப் பார்த்தேன்.

"இல்ல. மண்ணு பூரா விஷம். எல்லாம் செத்துடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாமும்தான்."

"அப்போ... கிடேரிங்க?"

நான் காலி வாளியைக் கவிழ்த்துத் தட்டினேன். அவள் அப்படியே படலோரம் உட்கார்ந்தாள். எழுந்து இரண்டடி உள்ளே வந்து குனிந்து பார்த்திருந்தால் போதும், அவளுக்கே தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள்.